மாமரத்துக்குத் தழைச்சத்து வைக்கும் காலம்

அழகர்மலை அடிவாரத்திலும் நத்தம் பக்கத்துத் தோப்புகளிலும், மார்கழியில் பூவெடுக்க வேண்டிய மாமரம் சில ஆண்டுகளில் பூக்காமல் செம்பு நிறக் கொழுந்தாகத் தள்ளி நிற்பதுண்டு. சத்துக் குறைவு என்று கருதி அப்போது யூரியா வைத்தால் நிலைமை இன்னும் கெடும்.

மாம்பூ கிளையின் நுனியில் வருவது. அறுவடை முடிந்து ஆடி, ஆவணியில் விட்ட துளிர், மடக்கினால் மடக்கென்று ஒடியும் கரும்பச்சை இலைகளோடு சில மாதங்கள் முற்றியிருந்தால்தான், மார்கழி, தை மாத இரவுக் குளிரில் அதன் நுனிமொட்டு பூமொட்டாக மாறும். பருவமழை ஓய்ந்து மண் சற்றே காய்வதும் இதற்குத் துணைசெய்கிறது. அந்த வேளையில் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்தால் மரம் மறுபடி தழைக்கத் தொடங்கிவிடும். துவண்டு தொங்கும் அந்த இளங்கொழுந்து அவ்வாண்டு பூக்காது.

ஆகவே பழம் பறித்து, வேண்டாத கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்த கையோடு, ஈரம் இருக்கும்போது பாதி உரத்தையும், மீதியைப் புரட்டாசி நடுப்பகுதிக்குள்ளும் வைத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஐப்பசி அடைமழை வரை தள்ளிப்போடுவதில் வேறொரு இழப்பும் உண்டு. மண்ணிலுள்ள நொதி யூரியாவை அம்மோனியமாக்க, நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டை மண்துகள்கள் பிடித்துவைப்பதில்லை என்பதால், மணற்பாங்கான செம்மண்ணில் பெருமழை அதை வேருக்குக் கீழே இறக்கிவிடும். மாறாக, யூரியாவை ஈரநிலத்தின் மேல் தூவி அப்படியே விட்டால் வெயிலில் அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலத்தில் இந்த இழப்பு இன்னும் கூடுதல். மண்ணைக் கிளறி மூடி, உடனே தண்ணீர் விடுவது அதனால்தான் அவசியமாகிறது.

ஆறு வயது கடந்த மரத்துக்கு ஆண்டுக்கு 1 கிலோ தழைச்சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. யூரியாவில் 46 விழுக்காடே தழைச்சத்து என்பதால், அதை மட்டும் கொண்டு ஈடுசெய்ய ஏறத்தாழ 2.2 கிலோ தேவைப்படும், டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரமும் போடுபவர்கள் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். அடிமரத்தை ஒட்டிக் கொட்டுவதால் பயனில்லை. சத்தை உறிஞ்சும் நுண்வேர்கள் மிகுந்திருப்பது சற்றுத் தள்ளி, கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில்தான்.