“போஸ்ட்மார்ட்டத்துல தெரிஞ்சிடும்ல சார்?”

இந்த வாரமும் அதே கதை. உடல் பிணவறைக்கு வரும்போதே குளிப்பாட்டி, விபூதி பூசி, புது வேட்டி கட்டியாகிவிட்டது. விழுந்து கிடந்த இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். போட்டிருந்த சட்டை எங்கே என்று கேட்டால், “ஒரே ரத்தமா இருந்துச்சு சார், எரிச்சுட்டோம்” என்கிறார் இறந்தவரின் மச்சான். கூடவே, நான் தினமும் கேட்டுச் சலித்த அந்த வாக்கியம்: “அதான் போஸ்ட்மார்ட்டத்துல எல்லாம் தெரிஞ்சிடுமே!”

தெரியாதுங்க. என்ன காயம், எதனால் உயிர் போனது என்பதை உடலை அறுத்துப் பார்த்துப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். தானாக விழுந்தாரா, தள்ளிவிட்டார்களா என்று கேட்டால், பல நேரம் மண்டையோட்டு விரிசல் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் காட்டுவது மாடிக் கைப்பிடிச்சுவரில் உள்ள கீறல், செருப்பு கிடந்த இடம், ரத்தம் தெறித்த திசை. அதையெல்லாம் துடைத்துவிட்டு, உடலை மட்டும் மேசையில் கிடத்தி “சொல்லுங்க” என்றால் எதை வைத்துச் சொல்வது?

பெரிய நிபுணர்கள் வந்தால் சொல்லிவிடுவார்கள் என்று நினைப்பவர்களுக்காக, ஒரு பழைய வழக்கு.

ஸ்காட்லாந்தின் ஆர்கைல் கடற்கரையோரம் ஆர்ட்லமான்ட் பண்ணை மாளிகை. 1893 ஆகஸ்ட் 10, காலை. செசில் ஹாம்பரோ என்ற 20 வயது இளைஞன், அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த ஆல்ஃபிரட் மான்சன், ஸ்காட் என்று பெயர் சொல்லிக்கொண்ட ஒருவன் என மூவரும் முயல் சுடக் காட்டுக்குள் போகிறார்கள். வெடிச் சத்தம். திரும்பியது இருவர், கையில் துப்பாக்கிகள். அவற்றைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பட்லர் வந்து செசில் எங்கே என்று கேட்கிறார். வேலி தாண்டும்போது தவறுதலாகத் தன்னையே சுட்டுக்கொண்டுவிட்டான் என்கிறார் மான்சன். பள்ளத்தில் விழுந்தவனைத் தூக்கி மேட்டில் கிடத்தியும் ஆகிவிட்டதாம். பார்க்க வந்த உள்ளூர் மருத்துவரும் விபத்து என்றே ஏற்றுக்கொண்டார். (அவரைத் திட்ட மனம் வரவில்லை. ஊர்ப் பெரிய வீட்டில் நான்கு பேர் சேர்ந்து “விபத்து” என்றால் மறுத்துப் பேசுவது இன்றைக்கும் லேசில்லை.) உடல் இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவுக்குப் போய் அடக்கமாயிற்று.

சாவதற்கு ஆறு நாள் முன்பு செசில் பெயரில் மொத்தம் 20,000 பவுண்டுக்கு இரண்டு ஆயுள் காப்பீடுகள் எடுக்கப்பட்டிருந்தன. பயனாளி மான்சனின் மனைவி. அந்தப் பணத்தைக் கேட்டபோதுதான் சந்தேகம் கிளம்பி, புதைத்த உடலைத் தோண்டினார்கள்.

டிசம்பரில் எடின்பரோவில் விசாரணை. அரசுத் தரப்பில் எடின்பரோவின் போலீஸ் மருத்துவர் ஹென்றி லிட்டில்ஜான், கூடவே ஷெர்லாக் ஹோம்ஸுக்கு முன்மாதிரியான அதே அறுவை மருத்துவர் ஜோசப் பெல். குண்டு வலது காதுக்குப் பின்னால் பாய்ந்திருக்கிறது, கருகல் இல்லை, ஆகவே சுமார் 9 அடி தள்ளி நின்று சுட்டது என்றது அரசுத் தரப்பு. எதிர்த்தரப்பு நிபுணர்கள் விபத்தாகவும் இருக்கலாம் என்றார்கள். தூரத்தைக் கணக்கிட எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று உறுதியாகத் தெரிய வேண்டும். செசில் கையில் இருந்தது முதலில் 20 போர் (போர் என்பது துப்பாக்கிக் குழலின் அளவு) என்றார்கள், பிறகு அது 12 போர் ஆகிவிட்டது. துப்பாக்கியோ வீட்டுக்குப் போய்த் துடைத்தாகிவிட்டது. ஸ்காட்டும் ஓடிவிட்டான். செசில் மைனர் (அன்று 21 வயதில்தான் மேஜர்), அவன் காப்பீட்டை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தது சட்டப்படி செல்லாது, அவன் செத்ததால் மான்சனுக்கு லாபமே இல்லை என்ற வாதமும் எடுபட்டது. தீர்ப்பு: “நிரூபிக்கப்படவில்லை.” குற்றவாளி என்றும் சொல்லாமல், குற்றமற்றவர் என்றும் சொல்லாமல் விடுவிக்கும் ஸ்காட்லாந்துத் தீர்ப்பு அது. மான்சன் வெளியே வந்து, தன்னைப் போல மெழுகுப் பொம்மை வைத்த லண்டன் மேடம் டுசாட்ஸ் காட்சியகத்தின் மேல் அவதூறு வழக்குப் போட்டார். கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி.

எனவே, தயவுசெய்து கேளுங்கள்.

உயிர் இருக்குமோ என்று துளி சந்தேகம் இருந்தாலும் தடயத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், தூக்குங்கள், ஓடுங்கள். உயிர் இல்லை என்பது உறுதியானால் கையை எடுத்துவிடுங்கள். போலீஸ் வரும்வரை உடலை நகர்த்த வேண்டாம், துடைக்க வேண்டாம், கண்ணைக்கூட மூடிவிட வேண்டாம். தூக்குக் கயிற்றை அறுத்தே ஆக வேண்டுமென்றால் முடிச்சை விட்டுத் தள்ளி அறுங்கள். முடிச்சை அவிழ்த்துவிட்டு வந்து நிற்காதீர்கள். மாத்திரை அட்டை, பூச்சிமருந்து டப்பா, கடிதம் எதையும் “குடும்ப மானம்” என்று அடுப்பில் போடாதீர்கள். இயற்கைக்கு மாறான மரணத்தில் போலீஸ் விசாரணை கட்டாயம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194. எண் மாறினாலும் கட்டாயம் மாறவில்லை. ஊர்த் தலைவரோ கவுன்சிலரோ பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது.

கேஷுவாலிட்டி தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று. சட்டையைக் கத்தரிக்கும்போது கத்தி பாய்ந்த ஓட்டையின் வழியாகவே கத்தரிக்காதீர்கள், பக்கவாட்டில் போங்கள். ஈரத் துணியை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூசணம் பிடித்துத்தான் எங்களிடம் வரும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.