பல்லிக்கு வாரண்டி கிடையாது

டிவிக்கு விலை பேசி முடித்து பில் போடுகிற நேரத்தில்தான் அந்த எக்ஸ்டெண்டட் வாரண்டிப் பேச்சு வரும். "கூட மூவாயிரம் போட்டீங்கன்னா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கவலையே இல்லண்ணே." ஆடித் தள்ளுபடிக் கூட்டம், பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், சரி போடுப்பா என்று சொல்லிவிடுகிறோம். மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் காளவாசலில் வாங்கினாலும் இதே கதைதான். விற்கிற பையனைக் குறை சொல்லவில்லை, பெரும்பாலும் அவனுக்கு அதில் இன்சென்டிவ் உண்டு.

நான் டிவி, ஏசி, வாஷிங் மெஷின் சர்வீஸ் பார்க்கிறவன். எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டில் கரண்ட் எப்படி, தண்ணீர் எப்படி என்றுதான்.

காரணம் இருக்கிறது. ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குள் பல்லி புகுந்து சர்க்யூட் போர்டில் ஷார்ட்டாகிச் செத்துக் கிடக்கும், போர்டும் கூடவே போயிருக்கும். எலி ஒயரைக் கடித்து வைக்கும். நியூட்ரல் கட்டானால் 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் 400 வரைக்கும் ஏறி, அப்போது ஓடிக்கொண்டிருந்த டிவி, பிரிட்ஜ், மோடம் எல்லாம் ஒரே அடியில் காலி. மேலூர், திருமங்கலம் பக்கம் உப்புத் தண்ணீர் போர் இருக்கிற வீடுகளில் வாஷிங் மெஷின் ஹீட்டரைக் கழற்றினால் சுண்ணாம்பு பூசியது மாதிரி இருக்கும். இப்போது வாரண்டி சீட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பூச்சி, எலி, வோல்டேஜ் ஏற்ற இறக்கம், இடி, தண்ணீரால் வரும் சேதம் என்று வரிசையாகப் போட்டு, இதற்கெல்லாம் பொருந்தாது என்றுதான் பெரும்பாலும் இருக்கும். கீழே விழுந்து உடைந்த ஸ்கிரீனும் இதில் வராது, அது தனித் திட்டம், தனிக் காசு.

அதனால் எர்த் சரியில்லாத, வோல்டேஜ் ஆடுகிற வீட்டுக்காரரிடம் அந்தப் பணத்தை எலக்ட்ரீசியனுக்கும் ஸ்டெபிலைசருக்கும் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். அவுட்டோர் யூனிட்டுக்கு ஒயர் போகிற ஓட்டையை அடைக்க ஆகும் செலவு ஒரு டீக்காசு.

வாங்கவே கூடாது என்றும் சொல்லமாட்டேன். 55 இன்ச் மாதிரி பெரிய டிவிக்கு யோசிக்கலாம். பேனலில் தானாகக் கோடு விழுந்தால் மாற்றுகிற செலவு பல நேரம் டிவி விலையில் பாதியைத் தாண்டிவிடும். இன்வெர்ட்டர் ஏசியில் "10 வருச வாரண்டி" என்று பெரிதாக ஒட்டியிருப்பது கம்ப்ரசருக்கு மட்டும்தான். போர்டுக்கு எத்தனை வருசம், கேஸுக்கும் வேலைக்கூலிக்கும் யார் பொறுப்பு என்று தனித்தனியாகக் கேளுங்கள். போர்டுக்கு ஏற்கெனவே 5 வருசம் தருகிற மாடல் என்றால் கூடுதலாக எதுவும் வேண்டாம். மிக்சி, மைக்ரோவேவ், 32 இன்ச் டிவிக்கெல்லாம் நான் போடமாட்டேன்.

யார் தருகிற வாரண்டி என்பதும் முக்கியம். பொருளைச் செய்த கம்பெனியே தந்தால் வருகிற ஆளும் ஸ்பேரும் அவர்களுடையது. கடை மூலம் வேறு நிறுவனம் தருவதாக இருந்தால், வருசத்துக்கு இவ்வளவு என்று பொருளின் மதிப்பைக் கழிப்பார்களா, உசிலம்பட்டிக்கு ஆள் வருவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்று எழுத்தில் வாங்குங்கள். அவசரமும் வேண்டாம், பல கம்பெனிகளில் முதல் வருச வாரண்டி முடிவதற்குள் பின்னாலும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள், நீங்கள் கேட்காமலே கூடையில் வாரண்டி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிச் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடை செய்துவிட்டது.

அப்புறம் ஜாப் ஷீட், அதாவது சர்வீஸுக்கு வருகிறவர் எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்குகிற தாள். வந்த டெக்னீசியன் மீட்டரை வைத்துக்கூடப் பார்க்காமல் "வோல்டேஜ் பிராப்ளம்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். எதை அளந்தார், எந்த பார்ட் போனது என்று எழுதச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதியலாம். அதிலும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருசத்துக்குள் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.