"மிருகந்தானே" என்று சொல்லும் விசுவாசிகளுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, கிளினிக் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பக்கத்து ஊர் சபையில் கமிட்டியில் இருப்பவரும் அவர் மனைவியும். பின்சீட்டில் அவர்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா, மடியில் சாக்கை விரித்து நாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாட்டு நாய், ஆறு வயது, பெயர் ஜிம்மி. வாய் மூடவில்லை. கீழ்த்தாடை தொங்கிக்கிடந்தது. எச்சில் நூல் நூலாக வடிந்து அந்த அக்காவின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"தொண்டைல எலும்பு மாட்டிக்கிச்சு டாக்டரய்யா. தண்ணி எறங்க மாட்டேங்குது."

எலும்பு மாட்டிய நாய் முன்காலால் வாயைப் பறண்டிக்கொண்டே இருக்கும். ஜிம்மி பறண்டவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்து 26 வருஷம் ஆகிறது. அந்தத் தாடையைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அப்புறம்தான் அக்காவின் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. எலும்பை எடுக்கலாம் என்று முந்தின நாள் வாய்க்குள் கையை விட்டாராம், பல் கிழித்துவிட்டதாம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருந்தார்கள்.

"அவளுக்கு டி.டி. ஊசி போட்டாச்சு. நீங்க மொதல்ல நாயைப் பாருங்க" என்றார் வீட்டுக்காரர்.

நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டேன். "ஒரு தடவகூடப் போட்டதில்ல. மிருகந்தானே, கேட்லயேதான கட்டிக் கெடக்கு." அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி, "எங்களுக்கு இது பிள்ளை மாதிரி டாக்டர்" என்று அழுதார்.

நாயைக் கூண்டில் விட்டுப் பூட்டிவிட்டு, அக்காவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டு விரலைக் கழுவ வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம். பிறகு அதே காரில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். வீட்டுக்காரருக்கு என்மேல் வருத்தம், நாயைப் பார்க்காமல் மனுஷியைப் பார்க்கிறேன் என்று. மூன்றாம் நாள் ஜிம்மி செத்தது. ஆய்வக முடிவு வெறிநோய் என்றே வந்தது.

இந்த வருஷத்தில் இப்படி எனக்கு இது நாலாவது வீடு. நாலில் மூன்று நம் சபை மக்கள் வீடு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் குடும்பத்தைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்கள் சொன்ன இரண்டு வார்த்தைகளையும் நான் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று "மிருகந்தானே", இன்னொன்று "பிள்ளை மாதிரி". வேதம் இரண்டையும் ஏற்பதில்லை.

முதலில் என்னை அதிகம் கோபப்படுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். கன்று குறுக்கே மாட்டி மூன்று நாளாய் முக்கிக்கொண்டிருக்கும் பசுவிடம் கடைசியில் என்னைக் கூப்பிடுவார்கள். ஏன் முதல் நாளே கூப்பிடவில்லை என்று கேட்டால், "அதுக்கென்ன ஆத்துமாவா இருக்கு டாக்டர்" என்று பதில் வரும். ஆத்துமா இல்லை, ஆகவே வலி ஒரு பொருட்டில்லை என்பது கணக்கு. இந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆதியாகமம் 2:7இல் மனுஷன் "ஜீவாத்துமாவானான்" என்று வாசிக்கிறோம் இல்லையா? அங்கே மூல எபிரெயத்தில் இருக்கும் சொல் "நெஃபெஷ் ஹய்யா". அதே சொல்தான் முதலாம் அதிகாரத்தில் தண்ணீரில் நீந்துகிற ஜந்துக்களுக்கும் பூமியின் மிருகங்களுக்கும் வருகிறது. தமிழில் ஓர் இடத்தில் ஜீவாத்துமா என்றும் மற்ற இடத்தில் ஜீவஜந்து என்றும் பெயர்த்ததால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை. பிரசங்கி 3:19 இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது: மனுஷனுக்கும் மிருகத்துக்கும் சுவாசம் ஒன்றே, இவனும் சாகிறான், அதுவும் சாகிறது. இரண்டு வசனம் தள்ளி, மனுஷனுடைய ஆவி உயர ஏறுவதையும் மிருகத்தின் ஆவி தாழ இறங்குவதையும் அறிகிறவன் யார் என்று கேட்கிறது. பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பிரசங்கியே கேள்வியாக விட்டதை, தொழுவத்தில் நின்றுகொண்டு நாம் தீர்ப்பாகச் சொல்கிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். மிருகத்துக்கு நித்தியம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அதற்கு இருப்பது இந்த ஒரு வாழ்க்கைதான். படுகிற பாட்டுக்கு ஈடுசெய்ய அப்பால் ஒன்றும் கிடையாது. அப்போது நம் பொறுப்பு கூடுமா, குறையுமா? யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? மனுஷனை உண்டாக்கும்போது தேவன் சொன்ன "நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும்" என்ற இடத்தில் இருக்கிறது. மூச்சு, இரத்தம், பசி, பயம் எல்லாம் பொதுதான். பசுவின் கர்ப்பப்பையைத் தைக்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் சாயல் மனுஷனுக்கு மட்டுமே சொல்லப்பட்டது. ஜலப்பிரளயத்துக்குப் பிறகு, ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில், மாம்சம் சாப்பிட அனுமதி வருகிறது. அதற்கடுத்தே மனுஷனுடைய இரத்தத்தைச் சிந்தக்கூடாது என்ற கட்டளை வருகிறது. தேவசாயலில் மனுஷன் உண்டாக்கப்பட்டான் என்று காரணமும் சொல்லப்படுகிறது. ஆட்டை அறுத்துச் சாப்பிடலாம், மனுஷனைத் தொடக்கூடாது. கோடு தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அதே அதிகாரத்தில் தேவன் உடன்படிக்கை செய்யும்போது நோவாவோடு மட்டும் செய்யவில்லை, பேழையிலிருந்து இறங்கிய சகல ஜீவஜந்துக்களோடும் செய்கிறார். இதை நாம் பிரசங்கத்தில் கேட்பதே இல்லை.

மிருகங்களை மனுஷர் "ஆளக்கடவர்கள்" என்ற வார்த்தையை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறவர்கள் உண்டு. சரி, ஆளுங்கள். ஆனால் ஆளுகை எப்படி இருக்கவேண்டும் என்று எசேக்கியேல் 34இல் வாசியுங்கள். நோயுள்ள ஆட்டைக் குணமாக்காமல், எலும்பு முறிந்ததைக் காயங்கட்டாமல் கடூரமாய் ஆண்ட மேய்ப்பர்களைத் தேவன் கண்டிக்கிறார். அது ஜனங்களின் தலைவர்களைப் பற்றிய உவமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோசமான மேய்ப்பன் யார் என்பதற்கு அந்த உவமை கொடுக்கும் அடையாளமே, சிகிச்சை கொடுக்காமல் விட்டதுதான். "நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்" என்று நீதிமொழிகள் 12:10 சொல்கிறது. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்கிறது உபாகமம். பகைஞனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால்கூடத் தூக்கிவிடு என்கிறது யாத்திராகமம். நினிவேக்காகப் பரிதபிக்கும்போது தேவன் சொல்லும் கணக்கில் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரோடு "அநேக மிருகஜீவன்களும்" சேர்ந்தே வருகின்றன.

யாத்திராகமம் 21இல் முட்டுகிற மாட்டைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. நாய் வளர்க்கிற ஒவ்வொருவரும் அதை வாசிக்கவேண்டும். மாடு ஒருவனை முட்டிக் கொன்றால் மாட்டைக் கொல்லவேண்டும், சொந்தக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்பே தெரிந்தும், சொல்லியும், கட்டிவைக்காமல் விட்டிருந்தால் குற்றம் சொந்தக்காரன் தலையில். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மாட்டுக்குப் பொறுப்பு கிடையாது, நமக்கு உண்டு. ஜிம்மி தடுப்பூசி போடாமல் இருந்தது ஜிம்மியின் பாவமா?

இனி "பிள்ளை மாதிரி" என்பதற்கு வருகிறேன். பாசத்தைக் குறை சொல்லவில்லை. நாத்தான் தாவீதிடம் சொன்ன கதையில் அந்த ஏழையின் ஆட்டுக்குட்டி அவன் மடியிலே படுத்து, அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது. அதைப் பணக்காரன் ஒருவன் பிடுங்கி அறுத்தான் என்று கேட்டுத்தான் தாவீதுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் "மகளைப்போல" வேறு, மகளுக்கு முன்னால் என்பது வேறு. அன்று பின்சீட்டில் இரண்டு உயிர்கள் இருந்தன. அதில் தேவசாயலைச் சுமந்தவர் சேலை நனைந்து உட்கார்ந்திருந்த அந்த அக்கா. அவர் விரலைப் பார்க்காமல் "மொதல்ல நாயைப் பாருங்க" என்றது ஒரு விசுவாசியின் வாய். சூம்பின கையுடையவனை ஓய்வுநாளில் குணமாக்கினபோது இயேசு பரிசேயரிடம், குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளில் தூக்கிவிடமாட்டீர்களா என்று கேட்டுவிட்டு, "ஆட்டைப்பார்க்கிலும் மனுஷனானவன் எவ்வளவோ விசேஷித்திருக்கிறான்" என்றார். ஆட்டைத் தூக்கியது தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஆட்டுக்கு இளகும் மனசு மனுஷனுக்கு இறுகிப்போயிருக்கிறதே என்றுதான் கேட்டார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலிலும் 2418ஆம் பத்தியில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: மிருகங்களைத் தேவையில்லாமல் துன்பப்படுத்துவது மனித மாண்புக்கே விரோதம், மனுஷருடைய துயரைத் தீர்க்க முதலில் போகவேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவழிப்பதும் தகாது.

மனுஷனை உயர்த்தினால் மிருகத்தைத் தாழ்த்தவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். 1824இல் லண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைக் கூட்டியவர் ஆர்தர் புரூம் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். சங்கத்தின் கடனுக்காகச் சிறைக்கும் போனார். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் வருஷக்கணக்காகப் போராடி 1807இல் சட்டம் கொண்டுவந்தாரே, அதே வில்பர்ஃபோர்ஸ்.

சபையில் என்னிடம் தனியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பிழைக்காத நாயை ஊசி போட்டுத் தூங்கவைப்பது பாவமா? என் பதில்: இல்லை. வேதனையைக் குறைப்பது நமக்குக் கொடுக்கப்பட்ட ஆளுகைக்குள் வருகிறது. மனுஷனுக்கு அதைச் செய்ய நமக்கு அதிகாரம் இல்லை, சாயல் நம்முடையதல்ல. பத்து நாள் புழு வைத்த புண்ணோடு கிடத்திவிட்டு ஜெபிக்கிறோம் என்று சொல்லாதீர்கள். ஜெபியுங்கள், கூடவே என்னையும் கூப்பிடுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருஷா வருஷம். பூனைக்கும் உண்டு. "குட்டி கடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள், ஆகும். "வீட்டு நாய்தானே" என்றும் சொல்லாதீர்கள். கடித்தாலோ, பறண்டினாலோ, புண்ணில் நக்கினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே இலவசம். டி.டி. ஊசி டெட்டனஸுக்கானது, வெறிநோய்க்கான ஊசி இல்லை. தயவுசெய்து இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். இரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். வெறிநோய்த் தடுப்பூசி, தோலுக்குள் போடும் முறையில், 0, 3, 7, 28ஆம் நாள் என்று நாலு தடவை; முதல் ஊசி போடும் நாள்தான் 0. நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்காதீர்கள், முதலில் போட்டுவிட்டு அப்புறம் நாயைப் பாருங்கள். நோய் வெளியே தெரிந்தபிறகு எங்கள் கையிலும் ஒன்றும் இல்லை, மனுஷ டாக்டர் கையிலும் ஒன்றும் இல்லை.

எச்சில் வடிகிற, தாடை தொங்குகிற நாயின் வாய்க்குள்ளும், மாட்டின் வாய்க்குள்ளும் கையை விடாதீர்கள். முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்ட நாங்களே கையுறை இல்லாமல் தொடமாட்டோம். வேலைக்காரரை விட்டும் தொட வைக்காதீர்கள்.

அறுப்பின் பண்டிகை வரப்போகிறது. ஏலத்துக்குக் கொண்டுவரும் சேவலைக் காலைக் கட்டித் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு ஒருமணி நேரம் விலை கூறாதீர்கள், கூடையில் வையுங்கள். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வாங்கும் ஆடுகளை நாலு காலையும் கட்டி லோடு ஆட்டோவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். அறுக்கத்தானே போகிறோம் என்பது பதிலாகாது. முந்தின ராத்திரி தண்ணீர் வையுங்கள். இரண்டு அடைக்கலான் குருவி ஒரு காசு என்று விலை தெரிந்தே சொன்னவர்தான், பிதாவின் சித்தமில்லாமல் அதில் ஒன்றும் தரையில் விழாது என்றார்.

அந்த அக்கா 28ஆம் நாள் ஊசியையும் போட்டுவிட்டு, அட்டையைக் காட்ட கிளினிக்குக்கு வந்தார். விரலில் தழும்பு மட்டும் இருக்கிறது. கூடவே தன் இரண்டு வெள்ளாடுகளுக்குக் குடற்புழு மருந்து வாங்கவும் வந்திருந்தார். மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு, போகும்போது கேட்டார்: "சார், ஜிம்மிக்குக் கடைசில ரொம்ப வலிச்சிருக்குமா?"

வலித்திருக்கும் என்றுதான் சொன்னேன். ஒரு ஊசி போட்டிருந்தால் வந்திருக்காது என்றும் சொன்னேன். படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.