‘ஒரு சுத்து மட்டும் வெட்டிருங்க அண்ணாச்சி’

முன்பெல்லாம் செங்கோட்டைப் பக்கம் எங்கள் பட்டறையில் காரை உயர்த்தித்தான் கேட்பார்கள். சபரிமலை சீசனில் ஐந்து பேரும் இருமுடிக் கட்டுகளுமாகப் புளியரை மலை ஏறும்போது பின்பக்கம் தொங்குகிறது என்று சொல்வார்கள்; ஸ்பிரிங் இடுக்கில் ரப்பர் பஃபர் வைத்துக் கொடுத்து அனுப்புவோம். இப்போது பையன்கள் அதே கார்களை, அப்பா ஓட்டி ஓய்ந்த எஸ்டீமையும் பழைய ஸ்விஃப்டையும், தரையோடு தரையாக இறக்கித் தரச் சொல்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம், புனலூர் கொட்டாரக்கரை வட்டாரத்தில் இந்த ஆசை முன்பே முற்றிவிட்டது. செல்போன் வழியாக இப்போது செங்கோட்டைக்கும் வந்துவிட்டது.

ஆசையை நான் குறை சொல்லவில்லை. அளவாக இறங்கி நிற்கும் கார் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆன்லைனில் ஸ்பிரிங் வாங்கி, வீட்டு வாசலில் வைத்து, நண்பன் ஒருவன் டார்ச் அடிக்க மாட்டுகிறார்களே, அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அந்த வேலையில் பாதி வீட்டில் செய்யக்கூடியது. மீதிப் பாதியைத் தொடவே கூடாது. எது எந்தப் பாதி என்று தெரியாததால்தான் அடிபடுகிறார்கள்.

முன்பக்க ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூணை, கழற்றித் தரையில் வைத்தால் பரம சாதுவாகக் கிடக்கும். உண்மையில் அதற்குள் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிய நிலையில் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது உச்சியில் உள்ள ஒரே ஒரு நட்டு. மில்லிமீட்டருக்கு 2 கிலோ வலு உள்ள ஸ்பிரிங், அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ விசை கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 150 மில்லிமீட்டர் அமுக்கிப் பிடித்தால் 300 கிலோ விசை உள்ளே நிற்கிறது. பிடி நழுவினால் விழும் அடி, 22 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். நட்டைக் கழற்றுகிறவன் அதன் மேல் குனிந்துதான் இருப்பான் என்பதால் அது நேராகத் தாடைக்கு வரும்.

இதற்கென்று கடைகளில் கொக்கி வைத்த கம்ப்ரஸர் ஜோடியாகக் கிடைக்கிறது: மரை போட்ட இரண்டு நீளக் கம்பி, இரண்டு பக்கமும் கொக்கி. பார்த்தால் எளிய சாமான். ஸ்பிரிங்கின் சுற்று சரிவாக இருக்கிறது அல்லவா? முறுக்க முறுக்க, கொக்கி அந்தச் சரிவில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பெயின்ட் சுரண்டிச் சுருள் சுருளாக உதிர்வதைப் பார்க்கலாம். எதிரெதிராக மாட்டிய இரண்டு கொக்கிகளும் மெல்ல ஒரே பக்கம் வந்து சேரும். அப்போது ஸ்பிரிங் நேராக அமுங்காமல் ஒரு பக்கம் வில்லாக வளையும். அந்த வளைவு கண்ணில் பட்டதும் கையை எடுத்துவிட வேண்டும்; இரண்டு கம்பியையும் மாற்றி மாற்றித் தளர்த்தி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ‘இன்னும் நாலு சுத்துதானே’ என்று முறுக்குகிற இடத்தில்தான் கொக்கி தெறிக்கிறது. மரையில் கிரீஸ் போடாமல் ஏர் கன் வைத்து ஓட்டினால் மரை சூடேறி அரிந்துவிடும், அதுவும் அதே கதிதான்.

வீடியோக்களில் புது ஸ்பிரிங் மாட்டுவதையே விஸ்தாரமாகக் காட்டுகிறார்கள். லோயரிங் ஸ்பிரிங், அதாவது காரை இறக்குவதற்கென்று விற்கும் ஸ்பிரிங், உயரம் குறைந்தது என்பதால் அதை மாட்ட அதிகம் அமுக்க வேண்டியதில்லை. சிலது கையாலேயே உட்கார்ந்துவிடும். கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றுவதுதான் ஆபத்தான கட்டம். அதை வீடியோவில் பத்து நொடியில் ஓட்டிவிடுகிறார்கள்.

அதனால் என்னிடம் கேட்கிற பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். சக்கரத்தைக் கழற்று. பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏபிஎஸ் வயர் இருந்தால் அதன் கிளிப், லிங்க் ராடு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் உள்ள இரண்டு போல்ட், பானெட்டுக்கு உள்ளே ஸ்ட்ரட்டின் உச்சி பொருந்தும் டவரில் உள்ள நட்டுகள், இவ்வளவையும் வீட்டில் கழற்றலாம். ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் அந்த நடு நட்டில் மட்டும் கை வைக்காதே. முழு ஸ்ட்ரட்டையும் ஆட்டோவில் போட்டு, சுவரிலோ ஸ்டாண்டிலோ ஸ்பிரிங் அமுக்கும் பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டு போ. ஸ்பிரிங் மாற்றி வாங்கி வந்து நீயே மாட்டிக்கொள். ஸ்விஃப்ட் மாதிரி பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனியாக இருக்கும் காரில், பின்பக்க வேலைக்குக் கம்ப்ரஸரே தேவைப்படாது. ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்துவிட்டு, ஜாக்கி வைத்து ஆக்ஸிலை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தானாகத் தளரும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஜாக்கி என்றதும் இன்னொன்று. டிக்கியில் கிடக்கும் கத்தரி ஜாக்கி பஞ்சர் பார்க்க மட்டும்தான். இந்தப் பக்கம் வீட்டு முற்றத்தில் பாதி செம்மண், பாதி சிமென்ட். செம்மண்ணில் ஜாக் ஸ்டாண்டின் கால் மழைக்காலத்தில் அப்படியே இறங்கும். அடியில் கனமான பலகை போட வேண்டும். ஹாலோ பிளாக், வெட்டுக்கல் வைத்துக் கார் அடியில் படுப்பவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஹாலோ பிளாக் விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே அடியாகப் பொடியும். பின்பக்கத்தை மேலே தூக்கியதும் ஹேண்ட் பிரேக் வேலைக்கு ஆகாது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. அது பின் சக்கரத்தை மட்டும்தானே பிடிக்கிறது? முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

இனி, தலைப்பில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன்.

“அண்ணாச்சி, ஒரு சுத்து மட்டும் வெட்டிருங்க. பின்னால ரொம்பத் தூக்கி நிக்கி.”

“தம்பி, வெட்டுனா எறங்கும். அப்புறம் நான் ஒட்ட வைக்க முடியாதுல்லா?”

பணம் மிச்சம் என்பதால் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. ஸ்பிரிங்கின் வலு, அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர் விகிதம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மீதி ஐந்து. வலு 20 சதவீதம் கூடிவிடும். அது பரவாயில்லை என்றே வைத்துக்கொள்வோம். கேஸ் கட்டரில் வெட்டினால் சூடுபட்ட இடத்தில் இரும்பின் பதம் போய்விடும். பிறகு ஒரு நாள் அங்கேதான் முறியும். கிரைண்டரில் வெட்டினாலும் நுனி, அதற்கென்று அமைந்த தட்டில் சரியாக உட்காராது. இன்னும் மோசம், சக்கரம் முழுக்கக் கீழே தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தளர்ந்து ஆடும். பின்பக்கம் வெட்டிய ஒரு கார் எங்களிடம் வந்தது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் ‘டொக்’ என்ற சத்தம் என்றார்கள். தூக்கிப் பார்த்தால் ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு விலகி, நுனி தட்டின் விளிம்பைச் சுரண்டிப் பள்ளமாக்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் வளைவு ஒன்றில் வெளியே வந்திருக்கும். இறக்கத்தான் வேண்டும் என்றால் அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கை வாங்குங்கள். அதுவும் 25, 30 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

பழைய காரில் ஒரு வேடிக்கை உண்டு. பெட்டியில் ‘30 மி.மீ. இறங்கும்’ என்று போட்டிருப்பது புது ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டு. உங்கள் காரின் ஸ்பிரிங் இத்தனை வருடத்தில் தானாகவே கொஞ்சம் தளர்ந்து இறங்கியிருக்கும், டிரைவர் பக்கம் பெரும்பாலும் கூடுதலாக. புதியதைப் போட்ட பிறகு பார்த்தால் எதிர்பார்த்த அளவு இறங்காது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்து, வாங்கிய நல்ல ஸ்பிரிங்கையும் கொண்டுபோய் வெட்டுகிறார்கள்! வேலை தொடங்கும் முன் சமதரையில் காரை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

இனிக் கணக்கு ஒன்று. பின் சீட்டில் மூன்று பேர் 180 கிலோ, டிக்கியில் 40 கிலோ. மொத்தம் 220, ஒரு ஸ்பிரிங்குக்கு 110. மில்லிமீட்டருக்கு 2 கிலோ என்றால் 55 மில்லிமீட்டர் அமுங்கும். ஏற்கெனவே 30 இறக்கியிருந்தால், கம்பெனி கொடுத்த உயரத்திலிருந்து 85 போய்விட்டது. லோயரிங் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பு என்பதால் அதில் பத்து மில்லிமீட்டர் குறையலாம், அவ்வளவுதான். மீதி இருக்கும் அசைவில் ஒரு பள்ளம் வந்தால் பம்ப் ஸ்டாப்பில், அதாவது அசைவின் கடைசியில் தடுக்கும் ரப்பர் கட்டையில், இடிக்கும். அந்த இடி ஸ்பிரிங்குக்குப் போகாது, நேரே பாடிக்குப் போகும். இருபது வருடம் மலை மழையில் நனைந்த காரின் ஸ்ட்ரட் டவரை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சிலதில் துரு பொலபொலவென்று கொட்டும். அப்படிப்பட்ட காருக்கு ஸ்பிரிங் வாங்கும் காசை வெல்டிங்குக்குச் செலவழிப்பதே மேல்.

எங்கள் சாலையையும் சொல்ல வேண்டும். திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை, எண் முன்பு 208, இப்போது 744. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் எஸ் வளைவில் முக்கி முனகி ஏறிப் போவதில் தார் இரண்டு பக்கமும் சக்கரத் தடத்தில் அமுங்கி, நடுவில் மேடாக நிற்கும் இடங்கள் உண்டு. லாரிக்கு அது தெரியாது. இறக்கிய கார் அந்தத் தடத்தில் சக்கரத்தை வைத்தால், நடு மேடு நேரே இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் சம்ப்பைத் தடவும். ஆரியங்காவு போய்ச் சேரும் முன் ஆயில் விளக்கு எரிந்து நின்ற காரைக் கட்டி இழுத்து வந்திருக்கிறோம். இந்தியச் சாலை விதிப்படி அமைத்த ஸ்பீட் பிரேக்கரே 10 சென்டிமீட்டர் உயரம். ஊர்க்காரர்கள் தாங்களாகப் போட்டதற்குக் கணக்கே கிடையாது.

‘வளைவில் ஒட்டிக்கொண்டு போகும்’ என்பது பாதி உண்மை. முன்பக்கம் ஸ்ட்ரட் உள்ள காரை இறக்கும்போது, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே சரியத் தொடங்கும். அப்போது, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, கார் இறங்குவதை விட வேகமாகக் கீழே போய்விடும். பலன், சாய்வு குறைவதற்குப் பதில் கூடும். ஸ்பிரிங்கின் விறைப்புதான் அதை மறைத்துவைக்கிறது. அளவு மீறி இறக்கிய கார் எஸ் வளைவில் முரட்டுத்தனமாகத் திரும்புவதற்கும், டயரின் உள்விளிம்பு மட்டும் நூல் தெரியத் தேய்வதற்கும் இந்தக் கோணங்கள்தான் காரணம். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லாத சில பழைய கார்களில் பின் ஆக்ஸிலோடு இணைத்த ஒரு வால்வு உண்டு. பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்து, பாரம் இருந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். காரை இறக்கினால் பாரமே இல்லாமல் பாரம் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். தனி ஆளாக மழையில் மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். கார் வால் வீசும். உங்கள் காரில் அந்த வால்வு இருந்தால் புது உயரத்துக்கு ஏற்ப அதைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் மட்டுமே வேலையைக் கொடுங்கள்.

ஷாக் அப்சார்பர் ஆயில் கசிந்தால் ஸ்பிரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை; விறைத்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் தெம்பு அதற்கு இருக்காது. மேல் மவுண்ட், பேரிங், டஸ்ட் கவர் எல்லாவற்றையும் கையோடு பார்த்துவிடுங்கள். நட்டை முறுக்கும்போது ஷாக் அப்சார்பரின் ராடு சுற்றாமலிருக்க அதைப் பிளையரால் பிடிப்பவர்கள் உண்டு. அதில் விழும் ஒரு கீறல் ஆயில் சீலை அறுத்துவிடும். ராடின் தலையில் ஆலன் கீ போட வழி இருக்கிறது, அதில் பிடியுங்கள்.

ரப்பர் புஷ், அதாவது இணைப்புகளில் வரும் ரப்பர் உறை, உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுக்க இறுக்கக் கூடாது. கார் தரையில் நின்று, தன் எடையை வாங்கிய பிறகே கடைசி முறுக்கு. முன்னாலேயே இறுக்கினால் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். வீட்டில் செய்த வேலையா, பட்டறையில் செய்ததா என்று நான் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மலைக்கு அந்தப் பக்கம் வாகன ஆய்வாளர்கள் இதில் கறார். டிஎன் 76, நம் தென்காசிப் பதிவு என்பதால் விட்டுவிட மாட்டார்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரரும் முதலில் இதைத்தான் நோண்டுவார்.

15 வருடம் முடிந்த காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். அதனால் கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, இடமா வலமா, முன்னா பின்னா என்று பெயின்ட்டில் எழுதி, சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். பழைய மாடல்களுக்கு அதே ஸ்பிரிங் தேடி மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அலைகிறவர்கள் என்னிடமே வந்து கேட்கிறார்கள்.