மன்னிப்பு: பொறுத்தலா, தள்ளுபடியா?

“பிதாவே, இவர்களுக்கு மன்னியும்” (லூக்கா 23:34). தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் சிலுவையில் இயேசு சொன்ன முதல் வாக்கியம் இப்படித்தான் இருக்கிறது. ‘இவர்களை மன்னியும்’ என்றல்லவா வரவேண்டும் என்று இன்றைய வாசகருக்கு உறுத்தும். இது வேற்றுமைப் பிழையல்ல. அந்த நடையில் மன்னிக்கப்படுவது ஆள் இல்லை, அவர் கணக்கில் நிற்கும் கடன். ஆளுக்கு, கடனை மன்னிக்கிறோம். கர்த்தருடைய ஜெபத்திலும் இதே கட்டுமானம்தான்: “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” (மத்தேயு 6:12). இயேசு பேசிய அரமேயத்தில் ‘ஹோபா’ என்ற ஒரே சொல் கடனையும் பாவத்தையும் குறித்தது.

புதிய ஏற்பாட்டின் மூலமொழி கிரேக்கம்; இந்த இடங்களில் உள்ள கிரேக்க வினை அஃபியேமி. விடு, போகவிடு, கைவிடு என்பன அதன் பொருள்கள். பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை ‘விட்டு’ப் பின்சென்றார்கள் என்பதிலும், பேதுருவின் மாமியை ஜுரம் ‘விட்டு’ நீங்கிற்று என்பதிலும் இதே வினைதான். இதன் பெயர்ச்சொல் அஃபெசிஸ். லேவியராகமம் 25-இல் ஐம்பதாம் ஆண்டான யூபிலியில் அடிமையும் நிலமும் விடுபடுவதைச் சொல்ல, கிரேக்கப் பழைய ஏற்பாடு இச்சொல்லை ஆள்கிறது. தமிழில் இது இரண்டாகப் பிரிந்துவிட்டது. லூக்கா 4:18-இல் ‘விடுதலை’, 24:47-இல் ‘பாவமன்னிப்பு’; இரண்டும் மூலத்தில் ஒரே சொல் என்பது தமிழில் மட்டும் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

‘மன்னிப்பு’ உருதுச் சொல் என்று இணையத்தில் ஒரு கருத்து சுற்றுகிறது. உருதில் புழங்குவது ‘மாஃபி’, அரபு வேரிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒலி தொடங்கும் இடத்தைத் தவிர ஒட்டு இல்லை. தெலுங்கின் ‘மன்னிஞ்சு’, கன்னடத்தின் ‘மன்னிசு’ ஆகியவற்றோடு வைத்துப் பார்ப்பதே பொருந்தும். அவ்விரண்டுக்கும் மன்னித்தல் என்பதோடு மதித்தல், ஆதரித்தல் என்ற பொருளும் உண்டு. பெரியவர் சிறியவருக்குக் காட்டும் சலுகை என்ற வாடை அதில் இருக்கிறது. கடன் கணக்கின் வாடை இல்லை.

பழந்தமிழுக்கு உரிய சொல் பொறுத்தல். “பொறுத்தல் இறப்பினை என்றும்” என்கிறது குறள் (152); இங்கே இறப்பு என்பது சாவு அல்ல, பிறர் வரம்பு மீறிச் செய்த தீங்கு. கத்தோலிக்கரின் பழைய கர்த்தர் கற்பித்த செபம் “பொறுத்தருளும்” என்று கேட்டது. விசுவாச அறிக்கையில் “பாவப் பொறுத்தல்” என்றே இருந்தது. 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்போ அந்தச் செபத்தில் ‘குற்றங்களை மன்னியும்’ என்கிறது. பொறுத்தல் போனதில் ஒரு இழப்பு உண்டு. பொறை என்றால் சுமை. பொறுப்பது என்றால் சுமப்பது. எபிரேயத்தில் மன்னித்தலுக்கு வரும் சொற்களில் ஒன்றான ‘நாசா’வுக்கும் தூக்கு, சும என்பதுதான் அடிப்பொருள். தம்பி யோசேப்பை விற்றுவிட்ட அண்ணன்மார் பின்னர் அவனிடம் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் (ஆதியாகமம் 50:17) உள்ள சொல் அதுவே. ஆனால் இன்றைய பேச்சில் ‘பொறுத்துக்கொள்’ என்றால் சகித்துக்கொள், வாயைத் திறக்காதே என்றாகிவிட்டது. அடிக்கும் கணவனைப் பொறுத்துப்போகச் சொல்லும் அறிவுரைக்கு வேதம் துணை நிற்பதுபோல் தோன்றுவது இந்தப் பொருள் நழுவலால்தான்.

நம் நடைமுறைத் தமிழில் அஃபியேமிக்கு மிக நெருங்கிய சொல் எது என்றால், வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கேட்கும் ‘தள்ளுபடி’. ஜெபத்தில் அதைச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனாலும் பொருள் அதுதான். தள்ளுபடியில் கடன் இருந்தது என்பது முதலில் ஒத்துக்கொள்ளப்படுகிறது. ‘பரவாயில்லை, ஒன்றும் நடக்கவில்லை’ என்பது தள்ளுபடி ஆகாது. அடுத்து, அந்த நட்டத்தை யாரோ ஏற்கவேண்டும். கடன் கொடுத்தவரே ஏற்கிறார். பொறுத்தலும் விடுதலும் சந்திக்கும் புள்ளி இது.

மத்தேயு 18-இன் உவமை தொகையோடு பேசுகிறது. ராஜாவிடம் பெருங்கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரன், தன்னிடம் கடன்பட்ட உடன்வேலைக்காரனை மன்னிக்க மறுக்கும் கதை அது. ராஜாவுக்கு வரவேண்டியது 10,000 தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் ஆண்டு. உடன்வேலைக்காரன் தரவேண்டியது 100 தெனாரியம், ஏறக்குறைய நான்கு மாதக் கூலி. அதுவும் சிறு தொகை அல்ல என்பதைப் பிரசங்கங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நமக்கு இழைக்கப்பட்ட தீங்கை அற்பம் என்று உவமை சொல்லவில்லை. பெரிய கணக்கின் பக்கத்தில் வைக்கிறது. ராஜா செய்வதன் வரிசை 27-ஆம் வசனத்தில்: மனதிரங்கி, அவனை விடுதலைபண்ணி, கடனையும் மன்னித்துவிட்டான். இரக்கம் முதலில் வருகிறது. அங்குள்ள கிரேக்க வினை குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. இரக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘ரஹமீம்’, கருப்பைக்கான ‘ரெஹெம்’ என்பதோடு உறவுடையது. தமிழில் ‘இரங்கு’ என்பதற்கு அழு, ஒலி என்ற பொருள்களும் உண்டு. நெய்தல் திணைக்கு உரிய இரங்கல் அதுதான்.

அதிகம் குழப்பப்படும் இன்னொரு சொல் ஒப்புரவு. குறளில் அது ஊருக்கு உதவி வாழ்தல். கிறிஸ்தவத் தமிழில் பிரிந்தவர் மீண்டும் சேர்தல். மன்னிப்பை ஒருவர் தனியாகவே கொடுத்துவிடலாம். ஒப்புரவாக இருவர் வேண்டும். “அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக” (லூக்கா 17:3) என்பதில் கடிந்துகொள்வது முதல் படி. மத்தேயு 18:15-17 அதை விரிக்கிறது: முதலில் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து. இந்தப் படிகளைத் தாண்டி ‘மன்னித்துவிட்டாயே, பழையபடி பழகு’ என்று நெருக்குவது இரண்டு சொற்களை ஒன்றாக்கிய பிழை. யோசேப்பும் அண்ணன்மாரைக் கண்டவுடன் கட்டித்தழுவவில்லை. அவர்களில் ஒருவனான சிமியோனைக் காவலில் வைத்தான், தம்பி பென்யமீனை அழைத்துவரச் செய்தான். பென்யமீனுக்குப் பதிலாகத் தான் அடிமையாக இருப்பதாக அண்ணன்களில் ஒருவனான யூதா சொன்ன பிறகே தான் யார் என்பதை வெளிப்படுத்தினான்.