கடைசி ஒரு மணி நேரத்துக்கும் எரிகிற டார்ச்

மாசி பிறந்தால் சித்திரை முடியும்வரை என் வெள்ளிக்கிழமை இரவுகள் சென்ட்ரல் ஸ்டேஷனில்தான் கழியும். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறுவதற்குச் சென்னையிலிருந்து குழுக்களை அழைத்துப் போவது பதினான்கு வருடமாக என் தொழில். கோவை ரயில் கிளம்புவதற்குள் பிளாட்பாரத்திலேயே எல்லோருடைய டார்ச்சையும் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துவிடுவேன். ஷூவை அப்புறம்தான் பார்ப்பேன். மலையில் நான் கட்டுப்போட்ட கணுக்கால்களில் பெரும்பாலானவை வெளிச்சம் மங்கிய பிறகு, சாதாரணப் படியில் சுளுக்கியவை.

மூன்று சீசனுக்கு முன் பெருங்குடியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி வந்திருந்தார். கையில் புத்தம்புது டார்ச். அதன் உடம்பில் 50,000 லூமன் என்று அச்சடித்திருந்தது. லூமன் என்பது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. பொத்தானைத் தட்டினார், எதிர் பிளாட்பாரம்வரை பளீரென்று விழுந்தது. "எவ்வளவு நேரம் எரியும் தம்பி?" என்று கேட்டேன். தெரியவில்லை. மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு அடிவாரமான பூண்டியில் ஏற ஆரம்பித்தோம். இரண்டாவது மலை தாண்டுவதற்குள் வெளிச்சம் மங்கி, கொஞ்ச நேரத்தில் அணைந்தே போனது. "அண்ணா, ஃபுல் சார்ஜ் போட்டுத்தானே எடுத்துட்டு வந்தேன்" என்றார். குரல் நடுங்கியது. மீதி மலைகளை அவரை எனக்கு முன்னால் நடக்கவிட்டு, என் டார்ச்சை அவர் காலடியில் அடித்தபடியே ஏறினேன். அதனால் என் காலடி பாதி இருட்டிலேயே இருந்தது. ஒருவர் டார்ச் அணைந்தால் இரண்டு பேருக்கு ஆபத்து என்பதை எல்லாக் குழுவுக்கும் சொல்கிறேன்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எதுவுமில்லை. கடையில் கண்ணுக்குத் தெரியும் ஒரே எண் லூமன்தான், அவர் அதைப் பார்த்து வாங்கினார். பொழுது விடிந்ததும் டார்ச்சைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒரே ஒரு 18650 பேட்டரி, அதன் மேல் கொள்ளளவு 9,900 எம்ஏஹெச் என்று எழுதியிருந்தது. 18650 என்பது அளவின் பெயர்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவில் இன்று பரவலாகக் கிடைக்கும் தரமான பேட்டரியே 3,500 எம்ஏஹெச் சுற்றித்தான் நிற்கும். இன்னும் கொஞ்சம் பெரிய 21700 ரகம் 5,000 வரை வரும். 18650-இல் 9,900 என்று போட்டிருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய லேப்டாப்பில் இருந்து பிரித்தெடுத்த பேட்டரிக்குப் புது உறை சுற்றி விற்பதும் உண்டு. கையில் எடுத்துப் பார்த்தாலே ஓரளவு பிடிபடும்: நல்ல 18650 ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும், போலி பல சமயம் பொம்மை மாதிரி லேசாக இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 3,500 எம்ஏஹெச், 3.6 வோல்ட் என்றால் அந்தப் பேட்டரிக்குள் இருப்பது 12.6 வாட்-மணி சக்தி. டார்ச்சில் இருக்கும் நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 லூமனில் எரித்தால் 10 வாட் போகும், ஒன்றேகால் மணி நேரத்தில் காலி. அதே டார்ச்சை 100 லூமனில் எரித்தால் பன்னிரண்டு மணி நேரம் வரும். 50,000 லூமன் நிஜமாக வரவேண்டுமானால் 500 வாட் வேண்டும். அந்தப் பேட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்காது, சூட்டில் கையில் பிடிக்கவும் முடியாது. இந்தக் கணக்கை ஒருமுறை மனதில் போட்டுக்கொண்டவரை எந்தப் பெட்டியும் ஏமாற்ற முடியாது.

பெட்டியில் 1,000 லூமன், 4 மணி நேரம் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எப்படி? அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஏஎன்எஸ்ஐ எஃப்எல் 1 என்று டார்ச்சுகளுக்கான அளவீட்டு முறை ஒன்று 2009-இல் வந்தது. அதன்படி, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஓடும் நேரத்தைத்தான் எரியும் நேரம் என்கிறார்கள். ஆகவே 1,000 லூமன் முதல் சில நிமிடம் இருந்துவிட்டு, சூடு ஏறியதும் டார்ச் தானாகவே கீழே இறங்கி, மீதி நேரத்தை 200, 300 லூமனில் ஓட்டினாலும் கணக்கு சரியாகிவிடும். நான் கேட்பது வேறு கேள்வி: நடுத்தர வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம்? பத்து மணிக்கு ஏற ஆரம்பித்தால் விடிய எட்டு மணி நேரம் இருக்கிறது. அந்தக் கேள்விக்குக் கடைக்காரரிடமும் பெட்டியிலும் பதில் இல்லாத டார்ச்சை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 200 மீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தால், 200 மீட்டரில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ் என்று பொருள். அது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். நிலா வெளிச்சத்தில் மரம் தெரியும், அதன் வேர் தெரியாது. போட்டிருக்கும் தூரத்தில் பாதிக்குப் போனால் வெளிச்சம் நான்கு மடங்கு, அதுதான் ஓரளவு உபயோகமான தூரம். ஆனால் படியேறுகிறவருக்கு இதெல்லாம் அவ்வளவு முக்கியமே இல்லை. அவர் பார்க்க வேண்டியது அடுத்த பத்தடி. ஊசிபோல் ஒரே புள்ளியில் குவியும் டார்ச் எதிர்மலையைக் காட்டும், காலடியில் ஒரு வட்டத்தை மட்டும் காட்டி மற்றதை மறைத்துவிடும். நடுவில் மிதமான குவியலும் சுற்றிலும் பரந்த மங்கல் வெளிச்சமும் இருப்பதை எடுங்கள். நடப்பதற்கு 50 முதல் 100 லூமன் தாராளம். வழி பிரிகிற இடத்தில் தூரத்தைப் பார்க்க 300, 400 வேண்டும், அதுவும் சில விநாடிகள்தான்.

அதற்கும் கீழே, 5 லூமன் போல ஒரு மிகக் குறைந்த நிலையும் இருக்க வேண்டும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரே ஒரு பளீர் அதைக் கெடுத்துவிடும். சுனைக்கரையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது எதிரில் வருகிறவர் முகத்தில் முழு வெளிச்சத்தை அடிப்பது எத்தனை பெரிய கெடுதல் என்று அடிப்பவருக்குத் தெரிவதில்லை. அவர் போய்விடுவார். இவர் அடுத்த நூறு படிகளைத் தடவித் தடவி ஏறுவார். தயவுசெய்து டார்ச்சை எப்போதும் தரை நோக்கியே பிடியுங்கள்.

"நெற்றியில் மாட்டுகிற ஹெட்லேம்ப் இருக்கும்போது கை டார்ச் எதற்கு?" என்று ஒவ்வொரு குழுவிலும் யாராவது கேட்பார்கள். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அபார்ட்மென்ட் மாடிப்படியில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை நெற்றியருகே பிடித்து இறங்குங்கள். பிறகு இடுப்பு உயரத்தில் பிடித்து இறங்குங்கள். நெற்றியில் இருக்கும்போது வெளிச்சமும் பார்வையும் ஒரே கோட்டில் போகும், நிழலே தெரியாது, படிகள் தட்டையாகத் தெரியும். இடுப்பில் பிடித்தால் ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு நிழல் விழுந்து ஆழம் புரியும். பனிமூட்டத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம்: நெற்றி வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பிக் கண்ணிலேயே விழுந்து, முன்னால் வெள்ளைச் சுவர் நிற்கும். ஆனால் இரண்டு கையும் வேண்டிய இடமும் உண்டு. பர்வதமலையில் கடப்பாறை நெட்டை, அதாவது பாறையில் அடித்து நிறுத்திய கடப்பாறைகளைப் பிடித்து ஏறியவர்களுக்குத் தெரியும், அங்கே கையில் டார்ச் வைத்திருப்பது தவறு. எனவே நான் இரண்டும் வைத்திருப்பேன். கை டார்ச்சில் மணிக்கட்டுக் கயிறு கட்டாயம். மறு கையில் மூங்கில் தடி இருக்கும், டார்ச் நழுவினால் சரிவில் போய்விடும்.

வெளிச்சத்தின் நிறத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி மேல் பூசிய ஒளிர்பொருள். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் கெல்வின். 6,500 கெல்வின் என்று போட்டிருப்பதில் நீலம் தூக்கலாக இருக்கும், சருகும் மண்ணும் வேரும் ஒரே சாம்பலாகத் தெரியும். 4,000 முதல் 5,000 கெல்வின் வரை உள்ளது பழுப்பைப் பழுப்பாகக் காட்டும். என் மொட்டை மாடியில் வாதாம் சருகைப் பரப்பி, அதற்குள் தேங்காய் நார்க் கயிறு ஒன்றை ஒளித்து வைத்து, ராத்திரியில் இரண்டு டார்ச்சாலும் தேடச் சொல்வேன். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் அந்தக் கயிற்றின் நிறத்தில்தான் சருகுக்குள் கிடக்கும். கட்டுவிரியன் நடமாடுவதே ராத்திரியில்தான். (கடிபட்டால் கட்டுப் போட்டு இறுக்குவதும் கீறுவதும் வேண்டாம். கைகாலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போவது மட்டும்தான் வழி.)

செல்போன் டார்ச்சை நம்பி வருகிறவர்களை நான் ரயில் ஏற்றுவதில்லை. அதன் வெளிச்சம் சில அடிக்கு மேல் போகாது, கையிலிருந்து விழுந்தால் உடையும், முக்கியமாக 108-ஐக் கூப்பிட வேண்டிய சார்ஜை அது தின்றுவிடும்.

வாங்கும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டோ பர்மா பஜாரோ, கடை எதுவாக இருந்தாலும் பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். உள்ளேயே பொருத்தி மூடிய டார்ச் மலையில் தீர்ந்தால் தீர்ந்ததுதான், மாற்று பேட்டரி போட வழியில்லை. மாற்று பேட்டரியை அதற்கான பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சாவியோடும் சில்லறையோடும் பையில் போட்டால் இரண்டு முனையும் உரசித் தீப்பிடிக்கலாம். விமானத்தில் இமயமலைப் பக்கம் போகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பையில் போடக்கூடாது. அந்தக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு ஐபிஎக்ஸ்: ஐபிஎக்ஸ் 4 இருந்தால் தூறல் தாங்கும், ஐபிஎக்ஸ் 7 இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் எரியும். பைக்குள் தானாக எரியாமல் இருக்கப் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைப்பது நல்ல பழக்கம்.

இரவில் ஏறுவது என்று நான் சொல்வதெல்லாம் வனத்துறை அனுமதிக்கும் இடங்களையும் நாட்களையும் மட்டும்தான். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து போன பெண்கள் பலர். அந்த நாளுக்குப் பிறகு அனுமதி இல்லாத பாதையில் ஒரு அடிகூட நான் வைத்ததில்லை. பகல் நடைக்குப் போனாலும் பையில் டார்ச் இருக்கட்டும், ஒருவர் கால் சுளுக்கினாலே இறங்குவதற்குள் இருட்டிவிடும். விலங்கின் கண் மின்னினால் அதன் மேல் வெளிச்சத்தை நிறுத்தி வேடிக்கை பார்க்காதீர்கள். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று நிமிடத்துக்கு ஆறு முறை டார்ச்சை அணைத்து எரித்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஆறு. பல நாடுகளில் மலையில் அதுதான் உதவிக்கான அழைப்பு. பதிலுக்கு எங்கிருந்தாவது நிமிடத்துக்கு மூன்று முறை மின்னினால் யாரோ பார்த்துவிட்டார்கள் என்று பொருள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் முழுதாகச் சார்ஜ் போட்டு, நடுத்தர வெளிச்சத்தில் எரியவிட்டு, எப்போது மங்குகிறது என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். போன சீசனில் அந்தப் பெருங்குடித் தம்பி மறுபடி வந்தார். பிளாட்பாரத்தில் நான் கேட்பதற்கு முன்பே டார்ச்சை நீட்டினார். சிறியது, கைக்கு அடக்கமானது. அதன் உடம்பில் வெள்ளை டேப் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார்: நடுத்தரம், 9 மணி 10 நிமிடம்.