நெம்புகோல்: பாரையிலும் கைமுட்டிலும்

கல்லுக்கு அடியில் கம்பிப்பாரையின் முனையைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு சிறு கல்லை அண்டக்கொடுத்து, மறுமுனையை அமுக்கினால் கல் கிளம்பும். இப்படிக் கிளப்புவது நெம்புதல். நெம்பும் கோல் நெம்புகோல். ‘லீவர்’ வேறு வழியில் வந்த சொல். இலத்தீனில் ‘லெவிஸ்’ என்றால் கனமில்லாதது, ‘லெவாரே’ என்றால் தூக்குவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தமிழ்ச்சொல் தூக்குவதை மட்டும் சொல்லாமல், தூக்கும் விதத்தையும் சொல்கிறது. ‘கோல்’ பழைய சொல். குறள் 118இல் கோல் என்றாலே தராசு. அதுவும் நடுவில் தாங்கிய நெம்புகோல்தான்.

அண்டக்கொடுத்த இடம் ஆதாரப்புள்ளி. கிளம்ப வேண்டியது பளு. நாம் கொடுப்பதைச் சிலர் ‘திறன்’ என்று எழுதுகிறார்கள், அது வேண்டாம். திறன் என்பது வாட் கணக்கில் அளப்பது. ‘முயல்விசை’ என்பதே பொருந்தும். ஈழத்துப் பாடநூல்களில் இதற்கு ‘எத்தனம்’ என்று வரும், அதுவும் நல்ல சொல்.

150 செ.மீ. பாரையில் முனையிலிருந்து 15 செ.மீ. தள்ளி அண்டக்கொடுத்தால், 30 கிலோ அளவுக்கு அமுக்கியே 270 கிலோ வரை கிளப்பலாம். இந்தப் பாரையை மனத்தில் வைத்துக்கொண்டு உடம்பைப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. உடம்பின் நெம்புகோல்களில் பெரும்பாலானவை நேர் எதிர்.

கைமுட்டைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கையில் 5 கிலோ மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) தாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆதாரப்புள்ளி கைமுட்டு. பளு அங்கிருந்து சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. புயத்தின் முன்தசையோ முன்கை எலும்பில் சுமார் 5 செ.மீ. தூரத்திலேயே ஒட்டுகிறது. 35க்கு 5, ஏழு மடங்கு. ஆக 5 கிலோவைத் தாங்கத் தசை 35 கிலோவுக்கு இழுக்க வேண்டும். முன்கையின் சொந்த எடையும் சேர்ந்தால் ஏறக்குறைய 40. விசையில் நட்டம், தூரத்திலும் வேகத்திலும் லாபம்: தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 7 செ.மீ. உயரும். வலை வீசுவதும் பந்து எறிவதும் இதனால்தான் முடிகிறது.

இடுப்பில்தான் இந்தக் கணக்கு ஆளைப் பதம் பார்க்கும். முதுகுத் தசைகள் முதுகெலும்பு மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. பின்னால் நின்று இழுக்கின்றன. 20 கிலோச் சாக்கை 40 செ.மீ. முன்னால் நீட்டிப் பிடித்தால் அந்தத் தசைகள் 160 கிலோவுக்கு இழுக்க வேண்டும். வயிற்றோடு அணைத்து 20 செ.மீ. ஆக்கினால் 80. குனிந்த உடம்பின் எடை இதில் சேரவில்லை. சேர்த்தால் இரண்டும் கூடும். காலை நேராக வைத்துக் குனிந்து மரச்சீனிச் செடியை வேரோடு பிடுங்குகிறவருக்கு இடுப்புப் பிடிப்பது இதனால்தான். முதலில் பாரையால் மண்ணை இளக்க வேண்டும். பிறகு செடியின் அடி இரண்டு பாதங்களுக்கு நடுவில் வரும்படி நின்று, கால்முட்டை மடக்கி உட்கார்ந்து, காலால் எழும்ப வேண்டும்.

தலைச்சுமை வேறு கதை. சும்மாட்டின் மேல் கூடை நேராக உட்கார்ந்திருக்கும்வரை பளுவுக்குத் திருப்புத்திறன், அதாவது மூட்டைச் சுற்றித் திருப்பும் வலு, ஏறக்குறைய இல்லை, எலும்பே தாங்கிவிடும். தலை முன்னால் சாய்ந்தால் பிடரித் தசை இழுக்கத் தொடங்கும்.

‘மூட்டு’ என்ற பெயரும் வினையிலிருந்து வந்ததுதான். சாரத்தின் (கைலியின்) இரண்டு ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதை மூட்டுவது என்கிறோமே, அதே மூட்டுதல்: இரண்டைச் சேர்ப்பது. மூட்டுவலியைக் குமரி வழக்கில் முட்டுவலி என்பார்கள். அங்கே முட்டு பெரும்பாலும் கால்முட்டு. அதன் முன்னால் இருக்கும் எலும்புக்கு முட்டுச்சிரட்டை என்று பெயர். சிரட்டை என்றால் தேங்காய் ஓடு. பொருத்தமான பெயர்தான், ஆனால் அது வெறும் மூடி இல்லை. தொடைத்தசையின் நாணை மூட்டிலிருந்து முன்னால் தள்ளிப் பிடிப்பதால் முயல்விசையின் கை, அதாவது ஆதாரப்புள்ளியிலிருந்து அதன் தூரம், நீளுகிறது. சிரட்டையை அறுவைசிகிச்சையில் எடுத்தவர்களுக்குக் காலை நீட்டக் கூடுதல் இழுப்பு வேண்டியிருக்கிறது. அந்த நாண் இழுக்கும்போது சிரட்டை தொடை எலும்போடு அழுந்தும். முட்டு மடங்க மடங்க அழுத்தம் ஏறும். தேய்ந்த முட்டு, சமதரையில் நடக்கையில் சும்மா இருந்துவிட்டுப் படி இறங்கும்போது குத்துவது அதனால்தான்.